மைசூரில் மூன்று கதவுகள்

மைசூர் சுற்றுலாப் பயணிகளின் ஊர். அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம், மைசூர்பாகு, சந்தன சோப்பு என்று பட்டியல் தயாராக இருக்கிறது. ஒரே நாளில் முடித்துக்கொண்டு மாலையில் ஊட்டிக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிடலாம். ஆனால் சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வரும் காவேரி எக்ஸ்பிரஸிலும், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி வரும் சத்தியமங்கலம் பஸ்ஸிலும் இன்னொரு வகைப் பயணிகளும் இந்த ஊருக்கு வருகிறார்கள். அவர்கள் கையில் கேமரா இருப்பதில்லை. பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே, ரேஷன் கார்டு, ஆதார் நகல் எல்லாம் திணித்த பை ஒன்று இருக்கிறது. சரியாகக் காது கேட்காத குழந்தை, பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு இழந்த தகப்பனார், வளைந்த கால் என்று ஒவ்வொரு பைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இவர்களில் பலருக்கு இது முதல் வருகை அல்ல. ஒரு முறை வந்து, 'இல்லை' என்ற பதிலோடு திரும்பிப் போனவர்கள்.

இவர்களுடைய மைசூரில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்றுதான். மேற்கே மானச கங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். நகரின் நடுவே கே.ஆர். ஆஸ்பத்திரி. கிழக்கே நஜர்பாத்தில் தாலுகா அலுவலகம் இருக்கும் மினி விதான சௌதா. மாற்றுத்திறனாளி ஒருவர் அரசிடம் சான்றிதழோ, அடையாள அட்டையோ, மாத உதவித்தொகையோ பெற வேண்டுமானால் இவற்றில் ஏதாவது ஒரு கதவையாவது தட்டியாக வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டால், எந்தக் கதவு திருப்பி அனுப்பியது, எதற்காக என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அது தெரியாமல் டாக்டர் மறுத்ததற்குத் தாசில்தாரிடமும், தாசில்தார் மறுத்ததற்கு டாக்டரிடமும் அலைந்து கூலியையும் பஸ் காசையும் இழப்பது இந்த ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. ஆனால் மூன்று கதவுகளும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இருப்பதால் மைசூரில் அதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

முதல் கதவிலிருந்து தொடங்கலாம். மானச கங்கோத்ரி என்பது மைசூர் பல்கலைக்கழகத்தின் வளாகம். மரங்கள் அடர்ந்த அமைதியான பகுதி. இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969 முதல் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கும் முன்பே இங்கே வந்துவிட்டது செவித்திறன் நிறுவனம். 1966 ஜூலை 25 அன்று இதற்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய குடியரசுத் தலைவர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். நிலம் கொடுத்தவர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார். திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணனுக்கு மைசூர் புதிய ஊர் அல்ல. 1918 முதல் 1921 வரை இங்குள்ள மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். இன்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்த நிறுவனத்துக்குத் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிகிச்சை, பயிற்சி, ஆராய்ச்சி ஆகியவற்றோடு காதையும் பேச்சையும் சோதித்துச் சான்றளிக்கும் வேலையும் இங்கே நடக்கிறது.

சோதனை என்றால் என்ன? ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலியிலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கேட்டவுடன் விரலைத் தூக்க வேண்டும் அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். கைக்குழந்தைகளுக்கும், பதிலை நம்ப முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் தலையில் மின்முனைகள் ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் அசைவையே அளந்துவிடுகிறார்கள். வலிக்காத சோதனைதான். வலி, அதன் பிறகு வரும் எண்ணில் இருக்கிறது.

எண் என்றால் 40. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் இட ஒதுக்கீடு போன்ற முக்கியச் சலுகைகள் கிடைக்கும். கர்நாடகத்தின் மாத உதவித்தொகைக்கும் அதுதான் வாசல்படி. காது விஷயத்தில் இந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்த்தால் பல மறுப்புகளின் காரணம் புரிந்துவிடும். இரண்டு காதுகளுக்கும் தனித்தனியாக சதவீதம் போடுகிறார்கள். நல்ல காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தை அதோடு கூட்டி, மொத்தத்தை ஆறால் வகுக்கிறார்கள். ஒரு காது முழுச் செவிடு, மறு காது நன்றாகக் கேட்கிறது என்றால் கணக்கு என்ன ஆகும்? நூறை ஆறால் வகுத்தால் 16.7. அவ்வளவுதான். ஒரு பக்கம் உலகமே அடைத்துப்போனவருக்கு, பஸ் ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் சாலையைக் கடக்கிறவருக்கு, சட்டத்தின் கண்ணில் 17 சதவீதம்கூட இல்லை. சட்டத்தின் வரையறையும் இரண்டு காதுகளையுமே கேட்கிறது. இரண்டிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் 'செவித்திறன் குறைந்தவர்', 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'காது கேளாதவர்'.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. நல்ல காது மங்கத் தொடங்கினால், அதில் கூடும் ஒவ்வொரு சதவீதமும் ஐந்து மடங்காகி உள்ளே நுழைகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மறுக்கப்பட்டவர் இன்று அதே எண்ணில் நிற்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் முறை டாக்டர் சொன்னது அன்றைய காதைப் பற்றி. ஆயுளுக்கும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு அல்ல அது.

இங்கே ஒரு கன்னடச் சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது: ஹிம்பரஹ. நேராக மொழிபெயர்த்தால் 'பின் எழுத்து'. மனுவுக்கு அலுவலகம் எழுத்தில் தரும் பதில்தான் ஹிம்பரஹ. 'உங்கள் மனு இன்ன காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது' என்று கையெழுத்தோடும் முத்திரையோடும் வரும் தாள். கவுன்ட்டரில் இருப்பவர் தலையை அசைத்து 'ஆகல்ல' என்றால் அது பதில் ஆகாது. ஹிம்பரஹ கேட்பது மனுதாரரின் உரிமை.

மருத்துவச் சான்றிதழிலும் இதே நியாயம்தான். 2016 சட்டத்தின் 58-வது பிரிவு, விண்ணப்பித்தவருக்கு ஒன்று சான்றிதழ் கொடுக்க வேண்டும், அல்லது அவருக்குக் குறிப்பிட்ட ஊனம் எதுவும் இல்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2017-ல் வந்த விதிகள், மறுத்தால் காரணம் காட்டி எட்டாம் எண் படிவத்தில் மறுக்க வேண்டும் என்று சொல்லின. 59-வது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைக்கிறது. இத்தனை ஏற்பாடும் ஒரு தாளைச் சுற்றித்தான் சுழல்கிறது. அந்தத் தாளில் உள்ள காரணத்தைப் பார்த்துத்தான் மேல்முறையீடு செய்வதா, மறுபடி விண்ணப்பிப்பதா என்றே முடிவு செய்ய முடியும். இரண்டும் ஒன்றல்ல. 'நீங்கள் அளந்தது தவறு' என்று சொல்வது மேல்முறையீடு. 'நீங்கள் அளந்த பிறகு ஒரு விஷயம் மாறியிருக்கிறது' என்று சொல்வது மறு விண்ணப்பம்.

என்னவெல்லாம் மாறலாம்? உடம்பு மாறலாம் என்பதைப் பார்த்தோம். சட்டமே மாறலாம். 1995-ல் வந்து 1996 பிப்ரவரி 7 முதல் அமலுக்கு வந்த பழைய சட்டத்தில் ஊனம் என்று ஏழு வகைகளே இருந்தன. பேச்சிழப்பு அந்தப் பட்டியலில் இல்லை. பேச்சைச் சோதிப்பதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் மைசூரில் முப்பது வருஷமாக இயங்கிக்கொண்டிருந்தபோது, பேச்சிழந்தவருக்கு அந்தக் காரணத்துக்காக மட்டும் சட்டத்தில் இடம் இல்லை என்பது விசித்திரம்தான். 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் ஏழை 21 ஆக்கியது. புற்றுநோயால் குரல்வளையை அகற்றியவர்கள், பக்கவாதத்தால் சொற்களை இழந்தவர்கள் அதற்குள் வந்தார்கள். தசைச் சிதைவு நோய், பார்க்கின்சன், ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள், ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் எல்லாம் வந்தன.

கடைசியாகச் சொன்ன அரிவாள் செல் நோய்க்கும் மைசூரைச் சுற்றியுள்ள மலைகளுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952-ல், பக்கத்திலேயே உள்ள நீலகிரியின் பழங்குடிகளிடம்தான். ரத்தத்தில் இருக்கிற நோய் வெளியே தெரியாது. கை கால் நன்றாக இருக்கிறதே என்று 2017-க்கு முன்னால் திருப்பி அனுப்பப்பட்டவர் இன்று மறுபடி போகலாம். போகலாம் என்று அவருக்கு யார் சொல்வது என்பதுதான் கேள்வி. கர்நாடகக் கிராமப் பஞ்சாயத்துகளில் கிராமப் புனர்வாழ்வு ஊழியர்கள் என்று மாற்றுத்திறனாளிகளையே கௌரவ ஊதியத்தில் நியமித்திருக்கிறார்கள். சொல்ல வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

இரண்டாவது கதவு கே.ஆர். ஆஸ்பத்திரி. தசரா யானை ஊர்வலம் போகும் சயாஜி ராவ் சாலைக்கு அருகில், கிருஷ்ணராஜ உடையாரின் பெயரைத் தாங்கி நிற்கும் பெரிய ஆஸ்பத்திரி. 1924-ல் பெங்களூரில் தொடங்கி 1930-ல் இந்த ஊருக்கு மாறிய மைசூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. கை, கால், கண், மனநலம் என்று பலவற்றுக்கும் சுற்றுவட்டார மக்கள் வந்து சேரும் இடம். இங்கே நடக்கிற மறுப்புகளுக்கு வேறொரு முகம். ஒருவருக்குக் காலில் குறை இருக்கிறது, பார்வையிலும் குறை இருக்கிறது. எலும்பு டாக்டர் 30 சதவீதம் என்கிறார். கண் டாக்டர் 20 சதவீதம் என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 40-ஐத் தொடவில்லை. ஒரே ஒரு வரிசையில் நின்று ஒரே ஒரு தாளோடு போனவர் 'தகுதி இல்லை' என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் இருந்தால் அவற்றைச் சேர்த்துக் கணக்கிட அரசு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது. 90-லிருந்து பெரிய எண்ணைக் கழிக்க வேண்டும். வந்ததைச் சிறிய எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். அதைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். மேலே சொன்னவரின் கணக்கு: 90-லிருந்து 30 போனால் 60, அதை 20-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13.3, 30-ஐக் கூட்டினால் 43.3. மறுக்கப்பட்ட மனிதர் தகுதி உள்ளவராகிவிட்டார். அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை. இரண்டு தாள்கள் ஒரே மேஜைக்கு வந்தன, அவ்வளவுதான். சர்க்கரை நோயால் காலும் கண்ணும் சேர்ந்து கெடுகிற காலத்தில் இந்த ஒரு சூத்திரம் எத்தனையோ குடும்பங்களுக்குத் தேவைப்படும்.

டாக்டர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போலிச் சான்றிதழ் வாங்கி இட ஒதுக்கீட்டில் நுழைகிறவர்கள் உண்டு. 2024 ஜூலையில் ஐ.ஏ.எஸ். பயிற்சியில் இருந்த ஒருவரின் தேர்வையே யூ.பி.எஸ்.சி. ரத்து செய்தபோது நாடு முழுவதும் இந்தப் பேச்சாகத்தான் இருந்தது. மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மோசடிக்காரர்கள் அல்ல. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள், சான்றிதழ் தருவதற்கான அவகாசத்தை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டின. இணையதளம் வழியாக விண்ணப்பிப்பதே வழி என்றாக்கின. மருத்துவ அதிகாரி முடிவெடுக்காமல் இரண்டு வருஷம் கிடந்த விண்ணப்பம் செயலற்றதாகிவிடும், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றும் வந்தது. தாமதம் செய்தது அலுவலகம். புதிதாகத் தொடங்க வேண்டியவர் மட்டும் மனுதாரர். காலக்கெடு போட்ட தற்காலிகச் சான்றிதழ்களும் இப்படித்தான். தேதி முடிந்தால் யாரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை.

எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதை நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024 அக்டோபர் 15 அன்று ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த மாணவருக்கு இருந்தது பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, 44 சதவீதத்தை ஒட்டி. அந்த எண்ணைக் காட்டியே மருத்துவப் படிப்பில் இடம் தர முடியாது என்றார்கள். ஒரு மேஜையில் 40-க்குக் குறைவு என்று மறுப்பு, இன்னொரு மேஜையில் 40-க்கு மேல் என்று மறுப்பு! படிப்பைத் தொடர முடியுமா என்று ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும், முடியாது என்றால் காரணத்தை எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். அவரை வேறொரு மருத்துவக் குழுவிடம் மறுபடி அனுப்பினார்கள். படிக்க முடியும் என்று வந்தது பதில்.

மூன்றாவது கதவு நஜர்பாத்தில். முதல் இரண்டு கதவுகளையும் தாண்டிச் சான்றிதழோடு வருகிறவர்கள், வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் இங்கே வருகிறார்கள். சான்றிதழ் என்பது ஊனத்துக்கு ஆதாரம். உதவித்தொகைக்கு அது பாதி வழிதான். மீதிப் பாதி வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. கன்னடத்தில் 'அங்கவிகல வேதன' என்று மக்கள் சொல்கிறார்கள். அரசாங்கக் காகிதங்களில் இப்போது 'விகலசேதன' என்ற சொல் புழங்குகிறது. நாம் ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளி ஆக்கியதைப் போல. சொல்லுக்கு மரியாதை கூடியிருக்கிறது. தொகையைப் பார்த்தால் 2021-ல் பசவராஜ் பொம்மை முதல்வரானதும் 40 முதல் 75 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு ரூ.600-லிருந்து ரூ.800 ஆக்கினார். 75-க்கு மேல் ரூ.1,400. ஒப்பிட வேண்டுமானால், தமிழ்நாடு 2023 ஜனவரியிலிருந்து இந்த ஓய்வூதியத்தை ரூ.1,000-லிருந்து ரூ.1,500 ஆக்கியது. மத்திய அரசின் திட்டம் 80 சதவீதம் உள்ள ஏழைகளுக்கு மட்டும், அதுவும் அதன் பங்கு ரூ.300.

இந்த ரூ.800-க்குக் கர்நாடகம் வைத்த குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ.32,000. மாதக் கணக்கில் ரூ.2,667. இதை ஒரு கூலிக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். 2024-25-ல் கர்நாடகத்தில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி ரூ.349. வீட்டில் ஒருவர் நூறு நாளும் வேலைக்குப் போயிருந்தால் ரூ.34,900. அதாவது, ஏழைகளுக்கென்று அரசே கொடுத்த வேலையை முழுசாகச் செய்த குடும்பம், இன்னொரு அரசுத் திட்டத்தின் கண்ணில் ஏழை அல்ல! வருமானச் சான்றிதழில் ஒரு கிராம அதிகாரி எழுதும் ஓர் இலக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து புரியும். ஆஸ்பத்திரியில் ஐந்து மணி நேரம் காத்திருந்து வாங்கிய 60 சதவீதம் இங்கே செல்லுபடியாகாமல் போவது இப்படித்தான். அப்போது மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயனில்லை. திருத்த வேண்டியது வருமானச் சான்றிதழை, அல்லது பெயரெழுத்துப் பொருந்தாத ஆதாரை, அல்லது முகவரியை.

கர்நாடகத்தில் இதற்கு ஒரு துணை உண்டு. 2011-ல் சட்டமாகி 2012 ஏப்ரலிலிருந்து மாநிலம் முழுக்க நடைமுறைக்கு வந்த 'சகாலா'. மனு கொடுத்தவுடன் ஓர் எண் கொடுப்பார்கள். பதில் சொல்ல வேண்டிய நாள் அதிலிருந்து தெரியும். தாமதமானால் நாளுக்கு ரூ.20 வீதம், ரூ.500 வரை நஷ்ட ஈடு. தொகை பெரிதல்ல. ஆனால் 'நாளைக்கு வா' என்ற வாய்ச்சொல்லுக்கு எதிராக மனுதாரர் கையில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் இல்லாமல் கொடுத்த மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம்.

பெரிய மணிக்கூண்டுக்கு அருகே உள்ள டவுன் ஹாலுக்கு ரங்காச்சார்லுவின் பெயர். செங்கல்பட்டுப் பக்கத்தில் பிறந்து, சென்னை ராஜதானியின் வருவாய்த் துறையில் வேலை பார்த்து, மைசூரின் திவானாக உயர்ந்தவர். 1881 அக்டோபர் 7 அன்று, தசராவை ஒட்டி, மைசூர் பிரதிநிதிகள் சபையை முதன்முதலாகக் கூட்டியவர் அவர்தான். 144 பேர் வந்தார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் அவர்களுக்கு அப்போது இல்லை. தங்கள் ஊர்க் குறைகளைத் தலைநகரத்துக்கு எடுத்து வந்து திவான் முன்னால் வைக்கலாம். அரசு என்ன செய்தது என்று திவான் சொல்வதைக் கேட்கலாம். அவ்வளவுதான். ஆனால் தொடங்கியது நிற்கவில்லை. ஆண்டுதோறும் தசராவுக்குக் கூடுவது வழக்கமாயிற்று. சென்ற ஆண்டு கிடைக்காததை இந்த ஆண்டு மறுபடி கேட்பதற்கு இந்த ஊரில் ஒரு மேடை இருந்தது. அதை யாரும் வெட்கக்கேடாக நினைக்கவில்லை.

மறுபடி கேட்பதில் என்ன வெட்கம் என்று மற்ற நாடுகளும் தீர்மானித்துவிட்டன. அமெரிக்காவில் ஊனமுற்றோர் உதவிக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சுற்றில் மறுக்கப்படுகிறார்கள். 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதன் பிறகு நீதிபதி முன் போகலாம். பிரிட்டனில் 2013 முதல், மறுப்பு வந்தால் முதலில் அதே துறையிடம் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டாக வேண்டும், அப்புறம்தான் தீர்ப்பாயம். தீர்ப்பாயம் வரை போய் விசாரணையைச் சந்தித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பல ஆண்டுகளாக வென்று வந்திருக்கிறார்கள். அங்கேயும் முதல் மறுப்போடு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் தோற்றவர்கள்.

மைசூருக்கு வரும் தமிழர்களுக்குச் சில கூடுதல் விஷயங்கள். சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். உதவித்தொகை அப்படி அல்ல, அது அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. ஈரோட்டில் குடியிருப்பவர் இங்கே செய்துகொண்ட சோதனையின் ரிப்போர்ட்டைப் பத்திரமாக எடுத்துப் போய்த் தன் ஊர் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். குடியிருக்கும் மாவட்டத்தில் மட்டுமின்றி, சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்க 2017 விதிகள் இடம் கொடுத்தன. மைசூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பமோ கர்நாடகத்தின் திட்டத்தில்தான் சேர முடியும். இரண்டு மாநிலங்களிலும் முகவரி வைத்துக்கொண்டு இரண்டிலும் மறுக்கப்படுவதைவிட, ஒன்றை முடிவு செய்து எல்லாக் காகிதங்களையும் அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்வது நல்லது.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் மாற்றுத்திறனாளிகள் 13.24 லட்சம் பேர், தமிழ்நாட்டில் 11.79 லட்சம். அது பழைய ஏழு வகைச் சட்டக் காலத்துக் கணக்கு. 40-ஐத் தொடாதவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்பதும் உண்மை அல்ல. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள விகாஷ் குமாருக்கு மருத்துவக் குழு கொடுத்தது வெறும் 6 சதவீதம். குடிமைப் பணித் தேர்வில் அவருக்காக எழுத ஓர் ஆள் தர யூ.பி.எஸ்.சி. மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், ஆள் தர வேண்டும் என்றது. பள்ளியிலும் தேர்விலும் வேலையிலும் ஒருவருக்குத் தேவையான வசதியைக் கேட்பதற்கு 40 என்ற எல்லை கிடையாது. அதனால் உதவித்தொகைக்கான மறுப்பைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்பதையும் சேர்த்துக் கைவிட்டுவிடக் கூடாது.

மைசூரிலிருந்து ஊட்டி போகும் பாதை பந்திப்பூர் காட்டின் நடுவே போகிறது. யானைகளுக்காக 2009 முதல் அங்கே இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. கூடலூரிலிருந்து வந்தவர் சாயங்கால பஸ்ஸைத் தவறவிட்டால் பெரும்பாலும் ஓர் இரவு லாட்ஜ் செலவு. அதனால் அலுவலகம் மூடும் நேரத்தில் பலரும் அவசரமாகக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பும் முன் கவுன்ட்டரில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: 'ஹிம்பரஹ கொடுங்கள்.' அந்தத் தாள் கையில் இருந்தால், அடுத்த முறை எந்தக் கதவுக்கு, எந்தக் காகிதத்தோடு வர வேண்டும் என்பதைக் காட்டைத் தாண்டும் முன்பே படித்துத் தெரிந்துகொள்ளலாம்.